‘முயற்ச்சி’யில் ஏறிய ஒற்று: ஒரு 4ஆம் வகுப்பு நோட்டை வைத்து நிகழ்வு ஆய்வு

முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி, கற்ப்பனை, அதற்க்கு. ஒரு பக்கத்தில் இப்படி. அடுத்த பக்கத்தில் மகிழ்சி, வளர்சி, வாழ்கை, பார்கிறான். முதல் வரிசையில் வேண்டாத ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்து, வந்து ஏறியிருக்கிறது. இரண்டாவதில் வேண்டிய ஒற்றைக் காணோம். இரண்டையும் எழுதியவன் ஒரே பையன், அதுவும் ஒரே வாரத்தில். வகுப்பாசிரியர் எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘ஒற்றுப் பிழை, 10 முறை எழுது’ என்று குறித்திருந்தார். பையனும் எழுதியிருந்தான். அடுத்த சொல்வதெழுதுதலில் மறுபடியும் முயற்ச்சி.

இந்த ஆய்வு அந்த நோட்டைப் பற்றியது. எழுத்து விதிகளை இலக்கணப் பாடமாகச் சொல்லாமல், கையெழுத்துப் பயிற்சிக்குள் வைத்தே ஒரு பிள்ளைக்குப் பழக்க முடியுமா என்று பார்த்தேன். ஓரளவு முடிந்தது. முடியாத இடங்களும் உண்டு, அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பையனும் பின்னணியும்

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பையன் 2023–24 கல்வியாண்டில் 4ஆம் வகுப்பு, தமிழ் வழி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல். படிப்பைப் பார்த்துக்கொள்வது ஆச்சி. நான் மாலையில் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஆச்சிதான் அவனைக் கூட்டிவந்தார். “கையெழுத்து அவனுக்கே புரிய மாட்டேங்கு டீச்சர், அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க” என்றார். எழுத்துப் பிழையைப் பற்றி அவர் பேசவே இல்லை. கையெழுத்து வேறு, பிழை வேறு என்றுதான் வீடுகளில் நினைக்கிறோம். பள்ளிகளிலும் அப்படித்தான்.

வயதைக் கணக்குப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். இவன் 1ஆம் வகுப்பில் சேர வேண்டிய 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1இல், அப்போது இவன் 2ஆம் வகுப்பு. எழுத்து அறிமுகமானதெல்லாம் கல்வித் தொலைக்காட்சியிலும் அப்பாவின் கைபேசியிலும். எழுத்துகளின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பென்சில் எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தபோது இவன் 3ஆம் வகுப்பு. அதில் வாசிப்பு நன்றாகவே வந்துவிட்டது. பாடப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படிப்பான். எழுத்தில்தான் சிக்கல்.

எழுதும்போது பார்த்தது

முதல் சில மாலைகளில் எதையும் திருத்தவில்லை. அவன் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். எழுதி முடித்த நோட்டை மட்டும் பார்த்திருந்தால் இதில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது.

பென்சிலை முனைக்கு மிக அருகில் இறுக்கிப் பிடிப்பான். அரைப் பக்கம் தாண்டினால் கையை உதறுவான். பிழைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. மேல் பாதியில் சரியாக இருக்கும் அதே சொல் கீழ்ப் பாதியில் தப்பாக இருக்கும். கை வலிக்கும்போது ஒற்றைப் பற்றி யோசிக்க யாருக்குத் தோன்றும்?

அப்புறம் புள்ளி. இவன் ஒரு சொல்லின் எல்லா எழுத்தையும் புள்ளியில்லாமல் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் திரும்பி வந்து புள்ளி வைப்பான். ‘பசசை’ என்று எழுதிவிட்டு முதல் ச மேல் புள்ளி. சின்னச் சொல்லில் இது தப்பாது. ‘கற்பனைக்குதிரை’ மாதிரி நீளமானதில் எந்த எழுத்துக்குப் புள்ளி என்று தேடுவான், ஒன்றை மறப்பான், சில நேரம் பக்கத்து எழுத்தின் தலையில் வைத்துவிடுவான். மெய்யெழுத்தை அவன் மெய்யாக எழுதவே இல்லை. உயிர்மெய்யை எழுதிவிட்டுப் பிறகு அதை மெய்யாக மாற்றிக்கொண்டிருந்தான். (பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, படிப்பவர்தான் இடம் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பையன் தன் நோட்டையே சுவடி மாதிரிப் படித்துக்கொண்டிருந்தான்.)

‘ண’வை அவன் வலப்பக்கக் கோட்டில் தொடங்கிப் பின்னோக்கிச் சுழிப்பான். சுழிகளுக்குக் கணக்கே இருக்காது. மூன்று வரும், இரண்டு வரும், சில நாள் நான்குகூட வரும். நோட்டில் ‘வன்டி’, ‘மன்டபம்’ என்று இருந்ததைப் பார்த்து ண–ன குழப்பம் என்று முடிவு செய்வது சுலபம். ஆனால் வாயால் கேட்டேன்: “வண்டிக்கு எந்த ண?” உடனே, “மூணு சுழி டீச்சர்.” “மண்டபத்துக்கு?” “அதுவும் மூணு சுழி.” ஆக, அவனுக்குத் தெரியும். கைதான் இரண்டு சுழியில் நின்றுவிட்டது. இதை எழுத்துப் பிழை என்று திருத்தினால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் மறுபடி சொல்லிக்கொடுப்போம்.

‘நண்றி’, ‘கண்று’ கதை வேறு. வாயால் கேட்டபோதும் “மூணு சுழி” என்றுதான் சொன்னான். பேச்சில் ஒன்று ‘ஒண்ணு’ ஆகிறது, கன்று ‘கண்ணு’ ஆகிறது. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். அதனால் முதல் வேலையாகப் பிழைகளை இரண்டாகப் பிரித்தேன்: கேட்டால் சரியாகச் சொல்லி எழுதும்போது தப்பாவது கையின் பிழை, கேட்டாலும் தப்பாகச் சொல்வது விதி தெரியாத பிழை. சிவப்பு மையில் இரண்டுக்கும் ஒரே வட்டம்தான்.

ர–துணைக்கால் சிக்கல் கையின் பக்கம் சேர்ந்தது. ‘மரம்’ என்று எழுதினால் ‘மாம்’ என்று தெரியும். ரகரத்தின் அடியில் வரும் சாய்கோட்டை விட்டுவிடுவான். இதில் அவனை ரொம்பக் கோபிக்க முடியாது. அச்சிலேயே பல எழுத்துருக்களில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அந்தச் சாய்கோடு இருப்பதில்லை. புள்ளியும் கொக்கியும் இருப்பதால் நமக்குக் குழப்பம் வராது. பிள்ளைகளோ அதைப் பார்த்து வெறும் ‘ர’வுக்கும் சாய்கோடு வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முயற்ச்சி ஏன் வருகிறது

‘முயற்சி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பசி’யில் வரும் ச இல்லை அது, ‘பச்சை’யில் வரும் அழுத்தமான ச. ஒற்றைச் ச மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால் அழுத்தமாக ஒலிக்கும் என்பது 4ஆம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரியும். காசு, தூசி, பசி ஒரு பக்கம். பச்சை, பூச்சி, மிச்சம் இன்னொரு பக்கம். முயற்சியில் அழுத்தமான ஒலி கேட்கிறது, எனவே ச்ச என்று எழுதுகிறான். அவன் கணக்கில் அது சரிதான்.

அவனுக்குத் தெரியாதது என்னவென்றால், ற் என்பதே ஒரு வல்லின மெய். வல்லின மெய்க்குப் பின்னால் வரும் வல்லினம் தானாகவே அழுத்தமாகத்தான் ஒலிக்கும். அதற்குத் தனியாக ஒரு ச் வேண்டாம். ட்-உம் அப்படியே: காட்சி, நட்பு, வெட்கம். இரண்டு வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லில் புள்ளியோடு அடுத்தடுத்து நிற்காது.

ய், ர், ழ் மூன்றும் இடையினம். அவற்றுக்குப் பின்னால் வரும் வல்லினம் தானாக அழுந்தாது. ‘வாழ்க’ என்பதில் க மென்மையாக ஒலிக்கிறது, ‘வாழ்க்கை’யில் அழுத்தமாக. அழுத்தம் வேண்டுமென்றால் ஒற்றை எழுதியாக வேண்டும். அதனால்தான் மகிழ்ச்சி, வளர்ச்சி, ஆராய்ச்சி, வாழ்த்து, பார்க்கிறான். ய, ர, ழ மூன்றும்தான் இப்படித் தனக்குப் பின் இன்னொரு மெய்யையும் சேர்த்துக்கொள்ளும் என்று தொல்காப்பியமே மொழிமரபு என்ற இயலில் சொல்லிவிட்டது.

அதே இடத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. ர், ழ் இரண்டும் தனிக்குறிலுக்கு அடுத்து ஒற்றாக வராது. சொல்லின் முதலெழுத்து குறிலாக இருந்து, உடனே அடுத்த எழுத்து ‘ர்’ மாதிரிக் கேட்டால் அது பெரும்பாலும் ற்: கற்க, நிற்க, விற்க, பற்கள், சொற்கள். நெடிலுக்குப் பின்னாலோ இரண்டு எழுத்து தாண்டியோ வந்தால் ர் வரலாம்: பார்க்க, சேர்க்க, வேர்க்கடலை, வளர்ச்சி, உயர்வு. ‘சின்ன ர-வா, பெரிய ற-வா’ என்று கேட்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நம் ஊரில் ர, ற இரண்டையும் தனித்தனியாக ஒலிப்பவர்கள் குறைவு, காதை நம்பிப் பயனில்லை. ஆனாலும் இந்த விதியைத் தொடக்கப் பள்ளியில் சொல்லி நான் கேட்டதில்லை. உயர் வகுப்பில் ‘மெய்ம்மயக்கம்’ என்ற தலைப்பில் வரும்போது பிள்ளைக்கு எழுத்துப் பழக்கம் கெட்டியாகி முடிந்திருக்கும்.

பத்து முறை எழுதியதில் நடந்தது

முன்பு எழுதிய இம்போசிஷன் பக்கத்தை எடுத்து, “இதே மாதிரி இப்போ எழுதிக் காட்டு” என்றேன். அவன் முதலில் மு, மு, மு என்று மேலிருந்து கீழாகப் பத்து எழுதினான். அடுத்த பத்தியில் ய, ய, ய. பிறகு ற. பிறகு ச. கடைசியில் எல்லாப் புள்ளியையும் ஒரே ஓட்டமாக வைத்துக்கொண்டு வந்தான். சீக்கிரம் முடிகிறதே, யார்தான் செய்ய மாட்டார்கள்? நானும் சின்ன வயதில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இதைப் படிப்பவர்களிலும் பலர் எழுதியிருப்பீர்கள்.

பத்து முறை எழுதியதில் ‘முயற்சி’ என்ற சொல்லை அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. ‘மு’வைப் பத்து தடவையும் ‘ய’வைப் பத்து தடவையும் எழுதியிருக்கிறான். ற்-க்குப் பின்னால் ஒற்றைச் ச வரும் என்பது கைக்குத் தெரிய வேண்டுமானால், கை ற்-இலிருந்து ச-வுக்குப் போயாக வேண்டும். பத்தி பத்தியாக எழுதினால் அந்தப் பயணம் நடப்பதே இல்லை.

புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் பயிற்சி நோட்டுகளும் வாங்கிவைத்திருந்தார்கள். அவற்றையும் ஓரமாக வைத்தேன். 2012இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சில எழுத்துகளைக் கையால் எழுதச் சொன்னார்கள், சிலவற்றைத் தட்டச்சில் அடிக்கச் சொன்னார்கள், சிலவற்றைக் கோட்டின் மேலேயே இழுக்கச் சொன்னார்கள். பிறகு மூளை ஸ்கேனில் பார்த்தால், தாமாகக் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் கூடுதலாக இயங்கின. கோட்டின் மேல் இழுத்தவற்றுக்கு அந்த அளவு இல்லை. அது ஆங்கில எழுத்தின் வடிவத்தைப் பற்றியது, தமிழ் ஒற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தொடக்கத்தில் எனக்கு ஒரு திசை கிடைத்தது: பிள்ளை தானாக உருவாக்கி எழுத வேண்டும், இழுப்பதும் நகலெடுப்பதும் போதாது.

ஜோடிப் பயிற்சி

தனி எழுத்தையும் விட்டோம், முழுச் சொல்லைப் பத்து முறை எழுதுவதையும் விட்டோம். ஜோடியை எடுத்துக்கொண்டோம். மெய்யும் அதன் கூட்டாளியும் சேர்ந்து ஓர் அலகு: ற்ற, ற்க, ற்ச, ற்ப. ண்ட. ன்ற. ந்த. ஞ்ச. ங்க. ம்ப.

முதலில் சிலேட்டில் பல்பத்தால் பெரிதாக, பிறகுதான் இரட்டைக் கோடு நோட்டு. பென்சில் பிடியும் சிலேட்டில்தான் தளர்ந்தது. பல்பத்தை இறுக்கினால் ஒடிந்துவிடும், அவனே விட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ‘ண’வை இடப்பக்கச் சுழியில் தொடங்கி, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று வாயால் எண்ணிக்கொண்டே போய், புள்ளி வைத்து, பென்சிலை வேறெங்கும் கொண்டுபோகாமல் ட.

ஒரே ஒரு சட்டம் போட்டேன்: புள்ளி வைக்காமல் அடுத்த எழுத்துக்குப் போகக் கூடாது. இதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வேகம் பாதியாகக் குறைந்தது. “இப்படி எழுதினா பரீட்சையில முடியாது டீச்சர்” என்றான். நியாயம்தான். பள்ளியில் உன் இஷ்டப்படி எழுது, இங்கே மட்டும் இப்படி என்று சொல்லி வைத்தேன். நாளடைவில் பள்ளி நோட்டிலும் புள்ளி உடனுக்குடன் விழ ஆரம்பித்தது. அதை நான் சொல்லிக் கேட்கவில்லை.

டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களை ஆச்சி ராகமாகச் சொல்வார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை. பெயரிலேயே கூட்டாளி இருக்கிறது: ட-வோடு வருவது ண, த-வோடு வருவது ந, ற-வோடு வருவது ன. ஜோடியை எழுதும்போது இந்தப் பெயரைச் சொல்லச் சொன்னேன். ‘நண்றி’ போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். ற எழுதப் போகிறோம் என்று தெரிந்தவுடன் கை இரண்டு சுழியோடு நின்றது.

ற்-க்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. வல்லினம், இடையினம் என்று சொன்னால் தலையாட்டுவான், மனதில் ஒட்டாது. அதனால் வகுப்பு பெஞ்சை எடுத்துக்கொண்டோம். ற்-உம் ட்-உம் நல்ல வாட்டசாட்டமான ஆள்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். ய், ர், ழ் ஒல்லி. அவர்கள் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அடுத்த நாள் அவனே ‘முயற்ச்சி’ என்று எழுதி, பார்த்து, “ஒரு ஆளு கீழ விழுந்துட்டான்” என்று ச்-ஐ அடித்தான்.

அழிரப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு, நோட்டு அசிங்கமாகிறது என்று. காரணம் இதுதான்: அழித்துத் திருத்தும் பிள்ளை தப்பான எழுத்தை மட்டும் மாற்றுகிறது, சொல்லை மறுபடி எழுதுவதில்லை. எனவே தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே முழுச் சொல்லும். பத்து முறை இல்லை, ஒரே ஒரு முறை. ஆனால் பார்க்காமல். நான் சொல்லைச் சொல்வேன், அவன் அதிலுள்ள ஜோடியை வாயால் சொல்வான், எழுதுவான், பிறகு புத்தகத்தைத் திறந்து அவனே சரிபார்ப்பான். திருத்துவது என் வேலையில்லை என்று ஆன பிறகு அவனுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

நோட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். ‘ற் பக்கம்’, ‘ய் ர் ழ் பக்கம்’, ‘ண்ட பக்கம்’. பாடப் புத்தகம், தினசரி, பஸ் ஸ்டாண்டுச் சுவர், எங்கே பார்த்தாலும் அங்கே கொண்டுவந்து எழுத வேண்டும். கடற்கரை, நெற்பயிர், பொற்காசு, எதற்கு, விற்பனை எல்லாம் வந்தன. ‘கல்’ எப்படிக் ‘கற்கள்’ ஆகிறது, ‘முள்’ எப்படி ‘முட்கள்’ ஆகிறது என்று அவனாகவே கேட்டான். ஒருநாள் ஓடி வந்து, “டீச்சர், தையல் பயிற்ச்சின்னு பெருசா போர்டு வச்சிருக்காங்க, மூணு பேர் உக்காந்திருக்கான்” என்றான். அந்தப் போர்டு அங்கே எத்தனையோ நாளாக இருக்கிறது. நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

சர்க்கரையில் சறுக்கியது

தனிக்குறிலுக்குப் பின் ற் என்ற விதி அவனுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தான். சற்கரை, தற்மம், அற்த்தம், கற்வம். முன்பு சரியாக எழுதிய ‘சர்க்கரை’யை இப்போது தப்பாக எழுதினான். ஆச்சிக்குக் கோபம். “ஏல, இருந்ததையும் மறந்துட்டியா?”

விதியைப் பயன்படுத்துகிறான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கண்டபடி எழுதும் பிள்ளை இப்படி ஒரே சீராகத் தப்பு செய்யாது. பிரச்சினை விதியின் எல்லையில் இருந்தது. சர்க்கரை, தர்மம், அர்த்தம், கர்வம், மர்மம் எல்லாம் வடமொழியிலிருந்து வந்தவை, தமிழ்ச் சொல்லுக்கான விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. பழைய ஆட்கள் தருமம், கருவம் என்று நடுவில் ஓர் உகரம் போட்டு எழுதியது இதைச் சமாளிக்கத்தான். பையனிடம் மொழி வரலாறு பேச முடியாது. ‘வெளியூர்க்காரர்’ என்று ஒரு பக்கம் திறந்தோம். விதிக்கு அடங்காத சொல் கிடைத்தால் அங்கே. பர்ஸ், நர்ஸ் என்று ஆங்கிலச் சொற்களும் அங்கே போயின. அந்தப் பக்கம் சீக்கிரமே நிறைந்துவிட்டது.

விதி ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும்போதே அதன் விலக்குகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிடுவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. விலக்கு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஒப்பிக்க வேண்டியதில்லை. அது வந்து உட்கார ஒரு பக்கம் இருந்தால் போதும்.

ஆச்சியின் எழுத்து

வீட்டில் படிப்பைப் பார்த்துக்கொள்வது ஆச்சி என்றேன், சொல்வதெழுதுதல் வைப்பதும் அவர்தான். அவர் எழுதிக் காட்டும் தாளைப் பார்த்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. அவர் பள்ளிக்குப் போனது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். லை, ளை, ணை, னை நான்கையும் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துத்தான் எழுதுவார். றா, ணா, னாவையும் காலைத் தனியாகப் போடாமல் சுழித்துவிடுவார். இவை உட்பட 13 எழுத்து வடிவங்களை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு மாற்றியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1935இல் பெரியார் தம் இதழில் இந்தப் புதிய வடிவங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

பையன் ஆச்சியின் ‘னை’யை வேறு ஏதோ எழுத்து என்று நினைத்து ஒரு சுழி கூட்டிக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தான். ண–ன குழப்பத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்கும் உண்டு. ஆச்சியிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, “இனிமே என் கையை மாத்த முடியுமா டீச்சர்? நான் வாசிக்கேன், அவன் எழுதட்டும்” என்றார். அதுவே நல்ல ஏற்பாடாகிவிட்டது. தினசரியிலிருந்து அவர் ஒரு பத்தியை வாசிக்க, இவன் பார்க்காமல் எழுதுவான்.

மாறியதும் மாறாததும்

ஆண்டு இறுதிக்குள் சொல்வதெழுதுதலில் ற், ட் பின்னால் கூடுதல் ஒற்று வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மகிழ்ச்சி, வளர்ச்சி வகையும் தேறியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. கூடுதலாக எழுதியதை விடுவது சுலபமாக இருந்தது, விட்டதைச் சேர்ப்பதற்குக் காலம் பிடித்தது. ண்ட, ன்ற, ந்த மூன்றும் நன்றாக வந்துவிட்டன. கையெழுத்தும் தெளிவானது. ஆச்சி கேட்டதும் அதுதான், அவருக்குத் திருப்தி.

கட்டுரையாக எழுதச் சொன்னால் கதை வேறு. ‘நான் கண்ட திருவிழா’ என்று எழுதும்போது மனம் தேரிலும் ராட்டினத்திலும் இருக்கும், முயற்ச்சி எட்டிப் பார்க்கும். சொல்வதெழுதுதலில் வந்தது கட்டுரையில் வர ஒரு பருவமாவது கூடுதலாக ஆகிறது. கட்டுரை எழுதும்போது நான் பிழை பார்ப்பதில்லை. முடித்த பிறகு அவனே பென்சிலோடு ஒருமுறை படித்து, பெஞ்சில் இடமில்லாதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் அவனே பிடித்துவிடுகிறான்.

‘கடற்கரைக்குச் சென்றோம்’ என்பதில் வரும் ச் மாதிரியான, இரண்டு சொற்களுக்கு நடுவே மிகும் ஒற்றை நான் தொடவே இல்லை. பெரியவர்களே தடுமாறும் இடம் அது. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு ஒரு 4ஆம் வகுப்புப் பிள்ளையை இழுத்துவிட வேண்டாம். சொல்லுக்குள் நிற்கும் ஒற்று பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ல, ள, ழவில் இந்த முறை கைகொடுக்கவில்லை. பள்ளியும் பல்லியும், கிளியும் கிலியும் கிழியும் எந்த ஜோடி விதிக்கும் வராது. மனம்–மணம், அரை–அறை கூட அப்படித்தான். இங்கே கூட்டாளி எழுத்து எதையும் காட்டிக்கொடுப்பதில்லை, சொல்லின் பொருள்தான் காட்ட வேண்டும். ழவை நாக்கை மடித்துச் சொல்ல வைத்ததில் தமிழ், பழம், மழை போன்றவை சரியாயின. ல–ளவில் முன்னேற்றம் ரொம்பக் குறைவு. இப்போது அவனை இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதச் சொல்கிறேன்: ‘பள்ளிச் சுவரில் பல்லி’, ‘அரை மணி நேரம் அறையில் இருந்தேன்’. வாக்கியத்தை அவனே உண்டாக்க வேண்டும் என்பது நிபந்தனை. போன வாரம் ‘கிளி கிலியில் துணியைக் கிழி என்றது’ என்று கொண்டுவந்தான். மூன்றும் சரியாக இருந்தன. சொல்வதெழுதுதலில் தனியாகக் கேட்டால் ‘கிலி’ இன்னும் ‘கிளி’யாகத்தான் வருகிறது. 5ஆம் வகுப்பில் இந்தப் பக்கத்தைத்தான் தொடர வேண்டும்.